ஆயுதத்தின் அழகும் உழைப்பாளியின் பெயரும்

கணினியிலே பலர் கூடியாடும் போர் விளையாட்டுகளில், துப்பாக்கிக்கு வண்ணமும் சித்திரமும் கொண்ட 'ஸ்கின்' என்னும் மேற்பூச்சு அணிவித்து மகிழ்கின்றனர் இன்றைய மாணவர். இதனை வீண்பித்து என்று ஒதுக்குதல் எளிது. ஆயின், ஆயுதத்தை அழகுசெய்யும் ஆசை மிகப் பழையது.

புறநானூற்றின் 95ஆம் பாட்டு அதற்குச் சான்று. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைக் காண்கிறார். அவை பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மனையிலே மின்னுகின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முறிந்து, கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன. புகழ்வதுபோற் பழிக்கும் இப்பாட்டிலே ஓர் உண்மை பொதிந்துள்ளது: கொல்லாத ஆயுதத்திலேதான் அழகு தங்கும்.

கண்டி மன்னனுக்கு லெவுகே திசாவை பரிசளித்த பீரங்கியும் இத்தகையதே. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த அதனை 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையிட்டுச் சென்றனர். ஆம்ஸ்ரடாம் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்த அது 2023இலேயே இலங்கைக்கு மீண்டது. கொடுத்த பிரபுவின் பெயராலேயே உலகம் அதனை அழைக்கின்றது. மாணிக்கம் பதித்த கைவினைஞன் யார்? அவன் பெயரை எவரும் சொல்வதில்லை. ஔவை கண்ட கொல்லனுக்கும் பெயரில்லை.

அலங்காரமற்ற ஆயுதத்தை நெல்லியடி நன்கறியும். 1987இல் எமது மத்திய மகா வித்தியாலயம் படைமுகாமாகிப் போர்க்களமுமாயிற்று. அன்று இங்கே முழங்கியவற்றிற் பீலியுமில்லை, மாலையுமில்லை. ஆதலால், எவரையும் கொல்லாத திரைத் துப்பாக்கியிற் சித்திரத்தை மட்டும் சுவைக்கும் இளைஞனை நாம் கடிந்துகொள்ளோம்.

'கவுண்டர் ஸ்ரைக்' விளையாட்டிலே இவ்வலங்காரம் 2013இல் நுழைந்தது. உலகெங்குமுள்ள ஓவியர் தம் வடிவங்களை அனுப்புகின்றனர். தேர்வானால் அதற்குரிய ஊதியம் பெறுகின்றனர். கண்டிக் கைவினைஞன் காணாத நியாயம் இது. எனினும், வாணிகம் தன் குணத்தை விடவில்லை. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமலே, காசுக்குத் திறவுகோல் வாங்கிப் பெட்டியைத் திறக்கவேண்டும். 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு இதனைச் சூதாட்டமென்றே தீர்ப்பளித்தது.

ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கது யாது? மாணவனின் இரசனையை ஏளனஞ் செய்யாது, அவனிடம் இரு வினாக்களைக் கேட்போம்: இதனை வரைந்த கை எவருடையது? இதன் இலாபம் எவரைச் சேர்கின்றது? இவ்விரண்டையும் கேட்கப் பழகியவன் கலையை நேசிப்பான், சூதிலே வீழான்.