கடம்பு என்னும் ஒரு பெயரும் மூன்று மரங்களும்

ஏந்தல் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் தென்மாவட்டங்களில் பல உண்டு. மழைநீரை ஏந்தி வைக்கும் சிறிய நீர்நிலையே ஏந்தல். முன்பு ஜமீன் ஊராக விளங்கி, நெடுங்காலம் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்து, 2008இல் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பட்ட இளையரசனேந்தலும் அவ்வரிசையில் வருவது. ஊரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. ஆனால் அந்த நீரில் எந்த மரம் நின்றது என்று கேட்டால் விடை எளிதில் கிடைப்பதில்லை. இன்று கரிசல் நாட்டுக் கண்மாய்களின் உள்வாயில் பெரும்பாலும் காணப்படுபவை கருவேலமும் சீமைக்கருவேலமுமே. முன்னது சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் 1980களில் தமிழகக் கண்மாய்களில் பரவலாக நடப்பட்டது. பின்னதோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம்.

குளிர்நாடுகளில் உள்ளவை போன்ற பாசிச் சதுப்புகள் தமிழகத்தில் நீலகிரி முதலிய உயர்மலைகளில் மட்டுமே உண்டு. சமவெளியில் சதுப்பு நிலம் என்று நாம் காண்பவை கண்மாயின் உள்வாயும் ஆற்றோரப் பள்ளமும் கழிமுகமுமே. அங்கு வேர் நனைய நிற்கும் மரங்களாக மருதம், காஞ்சி, கடம்பு எனச் சில பெயர்களை நம் இலக்கியம் நமக்குத் தந்திருக்கிறது. அவற்றுள் இனங்காண்பதில் நம்மை மிகவும் அலைக்கழிப்பது கடம்பு.

சங்கப் பாடல்களில் கடம்பு முருகனுக்கு உரிய மரம். பகைவரின் காவல்மரமான கடம்பை இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் வெட்டி முரசு செய்துகொண்ட செய்தியைப் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து பாடுகிறது. மதுரைக்குக் கடம்பவனம் என்றே ஒரு பெயர் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலின் சுவாமி சந்நிதிப் பிரகாரத்தில் பட்டுப்போன கடம்பின் அடிமரம் இன்றும் போற்றப்படுகிறது. இவ்வளவு பெருமை பெற்ற மரத்தைக் குறிக்கும்போது உரைகளும் அகராதிகளும் வெண்கடம்பு, செங்கடம்பு, நீர்க்கடம்பு என்று அடைமொழிகளை மாற்றிக்கொண்டே செல்கின்றன. அடைமொழி மாறும்போது மரமும் மாறிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

வெண்கடம்பு ஓங்கி வளர்வது. கிளைகள் கிடைமட்டமாக விரியும். இலைகள் பெரியவை, எதிரெதிராக அமைந்தவை. கிளை நுனியில் எலுமிச்சை அளவில் மஞ்சள் நிறப் பூப்பந்து தனித்து நிற்கும். நீர்க்கடம்பு என்றும் சின்னக்கடம்பு என்றும் வழங்கும் மரத்திலும் பூ பந்து வடிவமே. ஆனால் அது சிறியது, வெளிறிய நிறமுடையது. இலையும் சிறிது. கோடையில் இலையுதிர்த்து, வறண்ட காட்டின் ஓடைக்கரைகளில் தாங்கி நிற்பது இம்மரம். மூன்றாவதான செங்கடம்பு தோற்றத்தில் முற்றிலும் வேறு. இலைகள் கிளை நுனியில் நெருங்கி மாறிமாறி அமையும். உதிரும் முன் சிவக்கும். செந்நிறப் பூக்கள் நீண்ட சரங்களாகத் தொங்கும். அவை இரவில் மலர்ந்து காலையில் உதிர்வதால் அடியிலுள்ள நீர்ப்பரப்பு சிவப்பாகத் தெரியும். நாட்டு மருந்துக் கடைகளில் சமுத்திரப்பழம் என்று விற்கப்படுவது இதன் காய்தான். அக்காய் நான்கு விளிம்புகள் கொண்டது, நீரில் மிதப்பது.

தாவரவியல் முதல் மரத்தை நியோலமார்க்கியா கடம்பா என்றும், இரண்டாவதை மிட்ரகைனா பார்விஃபோலியா என்றும், மூன்றாவதைப் பாரிங்டோனியா அக்யூட்டாங்குலா என்றும் வழங்குகிறது. முன்னிரண்டும் காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. செங்கடம்புக்கும் அவற்றுக்கும் எந்த உறவும் இல்லை. பூவாலும் காயாலும் வேறுபட்ட மரங்களை ஒரு பெயரில் இணைத்தது அவை நின்ற ஈரநிலமே என்று நாம் கருதுகிறோம். நம் முன்னோர் மரத்தை அது நிற்கும் இடத்தோடு சேர்த்தே பார்த்தனர்.

அப்படியானால் முருகன் மார்பில் புரண்ட மாலை எந்தப் பூவால் ஆனது? திருமுருகாற்றுப்படை அப்பூவை உருண்டு திரண்ட வடிவுடையதாகவே காட்டுகிறது. சரமாகத் தொங்கும் செங்கடம்பு இவ்வருணனைக்குப் பொருந்தாது. எனவே பெயரில் உள்ள செம்மையை மட்டும் பார்த்துச் செவ்வேளோடு அம்மரத்தை இணைப்பது பாட்டின் சான்றுக்கு முரணானது. பூவின் நிறமும் வடிவமும் இலையின் அமைப்பும் பார்த்தே சங்கத் தாவரங்களை அறிய வேண்டும் என்ற பார்வைக்குப் பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ (1967) என்னும் நூல் வழிவகுத்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் கு. சீநிவாசனின் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ அவ்வழியை மேலும் விரித்தது.

குழப்பம் தமிழ்ப் புலவர்க்கு மட்டும் உரியதன்று. வெண்கடம்பை ஆந்தோசெபாலஸ் என்னும் பேரினத்தில் வைத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் எழுதிவந்தது. அப்பேரினத்துக்கு அடிப்படையாக இருந்த மாதிரி மடகாஸ்கரிலிருந்து வந்த வேறொரு மரம் என்பதை 1984இல் பொசேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் எடுத்துக்காட்டினார். அதன் பின்னரே இன்றைய பெயர் ஏற்பட்டது. காய்ந்த கிளையைப் பார்த்தவர்க்கும் ஏட்டைப் பார்த்தவர்க்கும் நேர்ந்த இடர் ஒன்றே: நிற்கும் மரம் கண்ணெதிரே இல்லை.

கண்ணெதிரே மரம் நிற்கும் இடத்தில் நிலைமை வேறு. வேடந்தாங்கல் ஏரிக்குள் செங்கடம்பு மாதக்கணக்கில் அடிமரம் மூழ்க நிற்கிறது. அதன் கிளைகளில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூர் மக்கள், பறவைகளைக் காக்கும் உரிமையை 1798இலேயே ஆட்சியர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் பெற்றனர். நூலறிவு இல்லாமலே அவர்கள் தங்கள் நீர்நிலையின் மரத்தைச் சரியாக அறிந்திருந்தனர்.

இலக்கியத்தை முன்னிட்டுக் கடம்பு நடும் ஆர்வம் இப்போது கோயில்களிலும் கல்லூரிகளிலும் பெருகியிருக்கிறது, அது நல்லதே. ஆனால் கடம்பு என்று கேட்டு வாங்கும் கன்று எந்தக் கடம்பு என்று பார்க்க வேண்டும். மலையடிவார ஈரத்தில் செழிக்கும் வெண்கடம்பைக் கரிசலில் நட்டால் வறட்சியில் அது வாடும். பல மாதம் நீர் தேங்கும் உள்வாய்க்கு ஏற்றது செங்கடம்பு. கரையோரத்துக்கு ஏற்றது நீர்க்கடம்பு. இலைகள் எதிரெதிராக உள்ளனவா, மாறிமாறி உள்ளனவா என்ற ஒரு கேள்வியே செங்கடம்பை மற்ற இரண்டிலிருந்து பிரித்துக் காட்டிவிடும். பூக்கும் பருவம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பாடம் நடத்தும் நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ‘கடம்பு, ஒரு வகை மரம்’ என்று உரை எழுதிக் கடந்துவிடும்போது மாணவர் மனத்தில் எந்த மரமும் முளைப்பதில்லை. அவர்களை ஒருமுறை கண்மாய்க்கரைக்கு அழைத்துச் சென்று இலையைப் புரட்டிப் பார்க்கச் சொன்னால் போதும். அங்கே கருவேலம் மட்டுமே நிற்குமானால், எது நின்றிருக்கலாம், எதை நடலாம் என்ற பேச்சு அவர்களிடமிருந்தே தொடங்கும்.