படியெடுத்த கை: ஜான் கிளேரின் மனநலக் காப்பக ஆண்டுகள் (1837–1864)

மேதைமையும் பித்தும் ஒரே வேரில் கிளைத்தவை என்னும் பழங்கருத்தை இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ 1864இல் மருத்துவக் கோட்பாடாக முன்வைத்தார். அதே ஆண்டு மே 20ஆம் நாள் ஆங்கிலக் கவிஞர் ஜான் கிளேர் நார்தாம்ப்டன் மனநலக் காப்பகத்தில் இறந்தார். அங்கு அவர் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருந்தார். அவரை அக்கோட்பாட்டுக்குச் சான்றாக நிறுத்துவது எளிது. காப்பகக் கவிதைகள் நமக்குக் கிடைத்த வரலாறு அதற்கு இடந்தருவதாக இல்லை.

1793இல் ஹெல்ப்ஸ்டன் சிற்றூரில் கூலி உழவரின் மகனாகப் பிறந்தவர் கிளேர். அவ்வூரின் பொது நிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்க 1809இல் சட்டம் வந்தது. இளமையில் கண்ட அவ்விழப்பு அவர் பாடல்களில் நெடுங்காலம் ஒலித்தது. 1820இல் வெளிவந்த முதல் தொகுப்பு இலண்டனில் புகழ் தேடித் தந்தது. பின்வந்த நூல்கள் விலைபோகவில்லை. வறுமையும் மனத்தளர்ச்சியும் முற்றிய நிலையில், 1837இல் எப்பிங் காட்டிலுள்ள ஹை பீச்சில் மத்தேயு ஆலன் நடத்திய காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். கனிவும் உழைப்பும் உலாவுதலுமே மருந்து எனக் கொண்ட 'அறவழிச் சிகிச்சை' அங்கு நிலவியது. எனினும் 1841 சூலையில் கிளேர் அங்கிருந்து வெளியேறி, ஏறத்தாழ எண்பது மைல் நடந்து ஊர் சேர்ந்தார். வழியில் பசிக்குப் புல்லைத் தின்றார். தம் மனைவி என அவர் நம்பிய மேரி ஜாய்ஸ் மூன்றாண்டுகளுக்கு முன்பே இறந்திருந்தார்.

அவ்வாண்டு டிசம்பரில் நார்தாம்ப்டனில் சேர்க்கப்பட்டபோது, நோய்க்கு முந்திய நிலையாகப் பல்லாண்டுக் கவிதைப் பழக்கத்தையே மருத்துவர் சான்றிதழில் குறித்தார். அவர் பார்வையில் கவிதை நோய்க்குக் காரணம். லொம்ப்ரோசோவின் வழிவந்தோர் பார்வையில் நோய் கவிதைக்குக் காரணம். இரண்டும் ஒரே பிழையின் இரு திசைகள் என்றே தோன்றுகிறது.

நார்தாம்ப்டனில் அவருக்குக் கிட்டியவை எளியவை. கண்காணிப்பாளர் பிரிச்சர்டு அவரை நகருக்குள் உலவ விட்டார். அனைத்துப் புனிதர் ஆலய முகப்பில் அவர் அமர்ந்திருப்பது ஊரார்க்குப் பழகிய காட்சி. 1845இல் அங்குப் பணியேற்ற நிருவாக அலுவலர் வில்லியம் நைட், கிளேரின் தாள்களை வாங்கிப் படியெடுக்கத் தொடங்கினார். சில மையிலும் சில பென்சிலிலும் இருந்தன. பென்சில் எழுத்து படிக்க அரிதாயிருந்தது என்று நைட்டே குறித்துள்ளார். எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் அப்படிகளால் எஞ்சின. மூலத்தாள்கள் பல மறைந்தன. ஏடு பெயர்த்தெழுதியோரால் வாழும் இலக்கியத்தைப் பயில்பவர்க்கு இதன் பொருள் விளங்கும்.

1850இல் நைட் பர்மிங்காமுக்குச் சென்றுவிட்டார். அதன் பின்னர் கிடைக்கும் பாடல்கள் மிகச் சில. நோய் அவ்வாண்டில் நீங்கிவிடவில்லை. கேட்டு வாங்கி எழுதிவைக்கும் ஆள் நீங்கினார். கிளேர் எழுதுவதை நிறுத்தினாரா, எழுதியவை அழிந்தனவா என்று இன்று பிரித்தறிவது கடினம். எவ்வாறாயினும், நோயின் கடுமையை அளவுகோலாகக் கொண்டு அவர் படைப்பின் ஏற்ற இறக்கத்தை விளக்க முடியாது. 1860இல் அன்பர் ஒருவருக்கு எழுதிய சிறு மடலில், தாம் ஏன் அடைக்கப்பட்டிருக்கிறோம் என்பது தெரியவில்லை என்றும் சொல்ல ஏதுமில்லை என்றும் தெரிவித்தார். ஆயினும் அவருடைய கடைசிப் பாடலாகக் கருதப்படுவது அதற்குப் பிந்தியது. அதன் பொருள் பறவைக் கூடுகள். ஹெல்ப்ஸ்டன் வேலிப்புதர்களில் இளமையில் தேடித்தேடிப் பாடிய அதே பொருள்.