ஆம்னி வேனுக்கு இன்னும் செலவு செய்யலாமா?

சென்ற மாதம் எங்கள் ஆம்னி வேனை டிங்கரிங் கடையில் விட்டிருந்தேன். காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக், "பாய், இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. தரைத்தகடுதான் துருப்பிடிச்சுப் போச்சு. வெல்டிங் வைக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார். வளைகுடாவில் இருக்கும் மகனோ ஒவ்வொரு போனிலும், "அத்தா, அதைக் கொடுத்துட்டு வேற வண்டி எடுங்க" என்கிறான். இருவருக்கும் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. இந்த வேன் வந்த கதையையும் நின்ற கதையையும் யோசித்துப் பார்த்த பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். லப்பைக்குடிக்காட்டில் இன்னும் சில வீட்டு வாசல்களில் இதே வேன் நிற்பதால், அவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

மாருதி உத்யோக் 1981-ல் அரசு தொடங்கிய நிறுவனம். மறு ஆண்டு ஜப்பானின் சுசுகியோடு ஒப்பந்தம் ஆனது. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி அம்மையார் முதல் மாருதி 800 காரின் சாவியைக் கொடுத்தார். அடுத்த ஆண்டே, 1984-ல், வேன் வந்துவிட்டது. ஜப்பானில் கேரி என்ற பெயரில் ஓடிய வண்டிதான் அது. இங்கே முதலில் வெறும் 'மாருதி வேன்'. 1988-ல்தான் 'ஆம்னி' என்று பெயர் மாறியது. ஆம்னிபஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு 'எல்லோருக்கும்' என்று பொருள். ஆம்னி பஸ்ஸுக்கும் பெயர் வந்தது அதே சொல்லில் இருந்துதான்.

அதற்கு முன்பு நமக்கு வேன் என்றால் பஜாஜ் டெம்போவின் மேட்டடார். கல்யாணம், நிச்சயம் என்றால் வாடகைக்குப் பிடிப்போம். ஒரு குடும்பம் தனக்கென்று சொந்தமாக வேன் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைப் பலருக்குக் கொடுத்தது ஆம்னிதான். வீட்டுக்காரர்கள் வைத்திருந்தார்கள், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றினார்கள், ஆம்புலன்ஸாக ஓட்டினார்கள். சினிமாவில் ஆள் கடத்தலுக்கும் அதே வண்டிதான். பக்கக் கதவு சர்ரென்று இழுபடுவது அவர்களுக்கும் வசதி! நம் வீடுகளில் அந்தக் கதவு வேறு காரியங்களுக்குத் திறந்தது. சபுராளி ஊருக்கு வரும் நாளில் திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வேன் காலியாகப் போகாது. உம்மா, பிள்ளைகள், மச்சான் என்று எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். திரும்பும்போது பெட்டிகள் மேலே கேரியரில் ஏறும்.

இத்தனை வருடம் இது உழைத்ததற்குக் காரணம் எளிமை. மாருதி 800-க்கும் ஆம்னிக்கும் ஒரே அளவு இன்ஜின், 796 சிசி, மூன்று சிலிண்டர். அந்தக் கார் லட்சக்கணக்கில் ஓடியதால் உதிரிபாகம் சின்ன ஊர்க் கடையிலும் கிடைத்தது. முன் சீட்டைத் தூக்கினால் இன்ஜின். பின்னால் கமான் பட்டை. கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்காமல், காதால் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக்குகள் இருந்தார்கள். 800 காரின் உற்பத்தி 2014-லேயே நின்றாலும் சாமான் தட்டுப்பாடு உடனே வந்துவிடவில்லை. ஆக, பழுது பார்க்க முடியுமா என்று கேட்டால், முடியும்.

அப்படியானால் கம்பெனி ஏன் நிறுத்தியது? 35 ஆண்டுகள் ஓடிய ஆம்னி 2019-ல் நின்றது. வாங்க ஆள் இல்லாமல் நிற்கவில்லை. அந்த ஆண்டு ஏபிஎஸ் பிரேக், ஓட்டுநருக்குக் காற்றுப்பை, மோதல் சோதனை எல்லாம் கட்டாயமாயின. ஆம்னிக்கு முன்பக்க பானட் கிடையாது. மோதினால் முதலில் அடி வாங்குவது ஓட்டுபவரின் முழங்கால். அந்த உடலை வைத்துக்கொண்டு புது விதிகளுக்குள் வர வழியில்லை. இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மெக்கானிக்கால் சரிசெய்யக் கூடியது துருவை மட்டுமே. வண்டி பிறக்கும்போதே இருந்த குறையை எந்தக் கடையிலும் சரிசெய்ய முடியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 15 வருடம் ஆனால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் என்ற தடை டெல்லிப் பகுதிக்கு வந்தது. நம் பக்கம் சொந்த வண்டி என்றால் எஃப்சி தேறினால் ஐந்து ஐந்து வருடமாக ஆர்சியைப் புதுப்பிக்கலாம். பசுமை வரியும் உண்டு. எங்கள் வேன் 2004 மாடல். 2019-ல் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது, 2024-ல் அதைக் கட்டினேன். 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். அடுத்தது 2029-ல் வரும். வண்டியைத் தடை செய்யாமல், செலவை ஏற்றி நம்மையே முடிவெடுக்க வைக்கிறார்கள்.

நான் எடுத்த முடிவு இது. தரைத்தகடுக்கு வெல்டிங் வைக்கச் சொல்லிவிட்டேன். இனி இந்த வேன் கடைத்தெரு, பள்ளிவாசல், வெள்ளாற்றுக் கரை வயல் என்று ஊருக்குள் மட்டும் ஓடும். திருமாந்துறை டோல்கேட்டைத் தாண்டாது. சென்னை–திருச்சி நான்கு வழிச்சாலையில் பஸ்ஸும் லாரியும் போகும் வேகத்துக்கு நடுவே பேரப்பிள்ளைகளை இதில் ஏற்றிக்கொண்டு போக இனி எனக்கு மனம் வராது. விமான நிலையத்துக்கு வாடகைக் கார். 2029-ல் மறுபடி புதுப்பிக்கப் போவதில்லை.

அன்று வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே தள்ளிவிடாதீர்கள் என்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். ஆர்சி நம் பெயரில் இருக்கும்வரை, அந்த வண்டியால் வரும் வம்புக்கு நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அரசு அனுமதி பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது.

மகனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரித்தா. ஆனா அடுத்த லீவுல ஊருக்கு வரும்போது நான்தான் அதை ஓட்டுவேன்" என்றான். ஊருக்குள்ளே என்றால் தாராளமாக ஓட்டட்டும்.