கிரீம் அடிக்கப் போய் வெண்ணெய் எடுத்த கதை

போன மே மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப நடந்த கூத்து இது. அக்கா பொண்ணுக்கு அஞ்சாவது பிறந்தநாள். "மாமா, மேல வெள்ளையா பஞ்சு மாதிரி கிரீம் இருக்குற கேக்குதான் வேணும்"னு ஒரே அடம். கிரீம் கேக் ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டு பக்கமே கிடைக்கும். வாங்கிக் கொடுத்திருந்தா பிரச்சினையே இல்லை. நான்தான் வீராப்பா, "மாமாவே கையால அடிச்சுத் தர்றேண்டா"ன்னு வாக்குக் கொடுத்துட்டேன். பெங்களூர் ரூம்ல மின்சார பீட்டர் வச்சு ரெண்டு தடவை செஞ்ச தைரியம்!

தேனி வரைக்கும் போய், 35% கொழுப்புன்னு போட்டிருந்த கிரீம் பாக்கெட் ஒண்ணை ஐஸ்கட்டியோட பையில போட்டுக் கொண்டு வந்தாச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிக்கலாம்னு பார்த்தா கரண்ட் போச்சு. சரி, கம்பிக் கரண்டி இருக்கே, கையாலயே அடிப்போம்னு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஒண்ணும் ஆகலை. அப்புறம் மெதுவா கெட்டியாச்சு. கரண்டியைத் தூக்கினா கோடு விழுந்துச்சு. அப்பவே நிறுத்தியிருக்கணும். "இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்"னு அடிச்சேன் பாருங்க, அடுத்த ரெண்டே நிமிஷத்துல லேசா மஞ்சளாகி, மணல் மாதிரி திரிஞ்சு, அடியில தண்ணி நின்னுடுச்சு.

திண்ணையில வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்த அப்பத்தா திரும்பிக்கூடப் பார்க்கலை. "ஏய்யா, திரண்டுருச்சுய்யா. இனிமே எதுக்குக் கைய வலிக்க விடுற? பச்சத்தண்ணிய ஊத்தி உருட்டி எடு"ன்னுச்சு.

அதுக்கு எண்பது வயசு. விப்பிங் கிரீம்னா என்னன்னே தெரியாது. கிண்ணத்துல சத்தம் மாறினதை வச்சே சொல்லிடுச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. கிரீமுக்கும் வெண்ணெய்க்கும் நடுவுல ரெண்டே நிமிஷம்தானா? அப்படின்னா ரெண்டாயிரம் வருஷமா தயிர் கடையுற நம்ம ஊர்ல கிரீம் ஏன் வரலை? அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் அறிவியல் (பயப்படாதீங்க, ஒரே பத்திதான்). பால்ல கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகளா மிதக்குது. ஒவ்வொண்ணையும் சுத்தி மெல்லிசா ஒரு தோல். கிரீமை அடிக்கும்போது காத்து உள்ளே போகுது, உருண்டைகளோட தோல் அங்கங்க கிழியுது. கிழிஞ்ச உருண்டைகள் ஒண்ணோட ஒண்ணு பாதி ஒட்டிக்கிட்டு, காத்துக் குமிழிகளைச் சுத்தி வேலி மாதிரி நிக்குது. அதுதான் அடிச்ச கிரீம். நிறுத்தாம இன்னும் அடிச்சா, பாதி ஒட்டினது முழுசா ஒட்டி, காத்து வெளியேறி, கொழுப்பு தனி, தண்ணி தனின்னு பிரிஞ்சிடும். அதுதான் வெண்ணெய். இந்த வேலி நிக்கணும்னா 30 சதவீதத்துக்கு மேல கொழுப்பு வேணும், 10 டிகிரிக்குக் கீழ குளிர்ச்சியும் வேணும். ஆண்டிபட்டி மே மாசத்துல, அதுவும் கரண்ட் இல்லாத மத்தியானத்துல, பத்து டிகிரிக்கு எங்க போறது?

நம்ம ஊர்ல கிரீம் வராததுக்கும் காரணம் இந்த வெயில்தான். குளிர் தேசத்துல பச்சைப் பாலை அகலமான பாத்திரத்துல ஊத்தி அரை நாள், ஒரு நாள்னு சும்மா விட்டுடுவாங்க. கொழுப்பு தானா மேல ஏறி நிக்கும். அதை வழிச்சு எடுத்தா கிரீம். இத்தாலியில 16ஆம் நூற்றாண்டுச் சமையல் புத்தகங்கள்லயே கிரீமை அடிச்சு நுரையாக்குற பக்குவம் இருக்கு. அதுக்கு அவங்க வச்ச பேரு 'பால் பனி'. நம்ம ஊர்ல பச்சைப் பாலை ஒரு நாள் வெளியில வச்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. அதனால கறந்ததும் காய்ச்சணும், காய்ச்சினதும் உறை ஊத்தணும். தயிராயிட்டா கெட்டுப் போற பயம் குறையும், புளிப்பு ஏறினதும் கொழுப்பும் சுலபமா பிரியும். அப்புறம் மத்துதான் வழி. கெட்டுப் போறதுக்கு முன்னாடி பாலைக் காப்பாத்த நம்மாளுங்க கண்டுபிடிச்ச பாதை தயிர், மோர், வெண்ணெய், நெய். காய்ச்சின பால் மேல படியுற ஏடு வேற சங்கதி. அது பால் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஆடை. அதை அடிச்சா பஞ்சு மாதிரி நிக்காது.

இந்தியாவுல கையால அடிச்ச பால் நுரை இல்லவே இல்லையான்னா, இருக்கு. லக்னோவுல மக்கன் மலாய், காசியில மலையோ, பழைய டெல்லியில தௌலத் கி சாட். பாலை ராத்திரிப் பனியில வச்சு, விடியறதுக்கு முன்னாடி கடைஞ்சு, நுரையை மட்டும் வழிச்சு எடுத்து விப்பாங்க. குளிர்காலத்துல மட்டும்தான் கிடைக்கும். வெயில் ஏறினா நுரை உட்கார்ந்துடும். ஆக, நமக்குக் கை இருந்துச்சு, மத்து இருந்துச்சு, பனி மட்டும் இல்லை!

சரி, மத்துக்கு வருவோம். பத்துப்பாட்டுல ஒண்ணான பெரும்பாணாற்றுப்படையில ஒரு இடைக்குலப் பெண் வர்றாங்க. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பத்திக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினது. அந்தப் பெண் இருட்டு விலகுறதுக்குள்ள எழுந்து தயிர் கடையுறாங்க. மத்துச் சத்தம் புலி உறுமுற மாதிரி கேட்குதாம். வெண்ணெயை எடுத்துட்டு, மோர்ப்பானையைத் தலையில வச்சு ஊருக்குள்ள போய் வித்து, அந்த வருமானத்துல சொந்தக்காரங்களுக்குச் சோறு போடுறாங்க. அடுத்ததுதான் என்னை அசத்தினது. நெய்க்கு விலையா தங்கம் கொடுத்தாலும் அவங்க வாங்கலை. எருமையும் பசுவும் கிடாரியுமா வாங்கிக்கிறாங்க. மோர் விலை அன்னாடச் செலவுக்கு, நெய் விலை மந்தையைப் பெருக்குறதுக்கு. இதுக்கு மேல என்ன பொருளாதாரப் படிப்பு வேணும் சொல்லுங்க?

(புலின்னதும் ஞாபகம் வருது. எங்க தாலுகாவோட வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். 2021ல அந்த மலைக்காட்டைப் புலிகள் காப்பகம்னு அறிவிச்சாங்க. ஆண்டாள் திருப்பாவையிலயும் விடியக்காலையில ஆய்ச்சியர் தயிர் கடையுற சத்தம் கேட்குது. இப்ப மலையில புலி இருக்கு, ரெண்டு பக்கமும் மத்துச் சத்தம்தான் இல்லை.)

விடியறதுக்கு முன்னாடி ஏன் கடையணும்? அப்பத்தாகிட்ட கேட்டேன். "வெயில் ஏறுனா வெண்ண கைய விட்டு வராதுய்யா. எண்ணெயா ஓடும். சித்திரையில நாலு மணிக்கே உக்காந்துருவேன். ஒரு செம்பு பானைத்தண்ணி பக்கத்துலயே இருக்கணும்"னுச்சு. பால் கொழுப்பு நம்ம ஊர் மத்தியான வெயில்ல பெரும்பாலும் உருகிடும். இறுகி இருக்கும்போது கடைஞ்சாத்தான் திரளும். புத்தகத்துல போட்டிருக்குறதும் அதேதான்.

அடுத்து சோழர் காலம். கோயில்ல அணையாம எரியுற நந்தா விளக்குக்கு நெய் வேணும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள்ல ஒரு கணக்கு வருது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லைன்னா 48 பசு, இல்லைன்னா 16 எருமை. இந்த மந்தையை இடையர்கள்கிட்ட ஒப்படைச்சுடுவாங்க. அவங்க தினம் ஒரு உழக்கு நெய் அளக்கணும் (நாலு உழக்கு ஒரு நாழி). ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு'ன்னு பேரு. கிழடு செத்தாலும் குட்டி வந்து எண்ணிக்கை குறையாம நிக்கணும், நெய்யும் நிக்காம வரணும்னு அர்த்தம். எருமைப் பால்ல கொழுப்பு 6 முதல் 8 சதவீதம், பசும்பால்ல 4 சதவீதம் பக்கம். பாலும் கூடுதல், கொழுப்பும் கூடுதல். அதான் 48க்குப் பதிலா 16 போதும்னு கணக்கு எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஆடுகளை ஏத்துக்கிட்ட இடையர்கள் பேரு கல்வெட்டுல வரிசையா இருக்கு. அந்த உழக்கு நெய்க்காக தினம் மத்துப் பிடிச்ச கை யாரோடதுன்னு கல்லுல எழுதலை. விளக்கு எரிஞ்சது என்னவோ அந்தக் கையாலதான்.

அங்கிருந்து ஒரு பெரிய தாவல். 1878ல ஸ்வீடன்ல குஸ்தாஃப் தெ லாவல்னு ஒரு பொறியாளர், பாலை வேகமா சுத்தி கிரீமைத் தனியா பிரிக்கிற மிஷினைக் கொண்டு வந்தார். ஒரு நாள் காத்திருக்குற வேலை போச்சு. எந்த வெயில் ஊர்லயும் பாலைக் கறந்த கையோட கிரீம் எடுக்கலாம்னு ஆச்சு. நம்ம பக்கம் மத்தை ஓய வச்சது இந்த மிஷின் மட்டும் இல்லை, பால் சொசைட்டியும்தான்.

1970ல 'வெண்மைப் புரட்சி'த் திட்டம் ஆரம்பிச்சது. முதல் கட்டத்துல பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ்னு நாலு நகரத்துக்குப் பால் கொடுக்கணும். அதுக்கு ஐரோப்பாவுல மிஞ்சிக் கிடந்த பால் பவுடரும் வெண்ணெய் எண்ணெயும் உலக உணவுத் திட்டம் வழியா உதவியா வந்துச்சு. உழக்கு உழக்கா கோயிலுக்கு நெய் அளந்த நாட்டுக்குக் கப்பல்ல வெண்ணெய் வந்து இறங்கின காலம்! தமிழ்நாட்டுல பால்வளத் துறையோட வியாபாரப் பொறுப்பு 1981ல கூட்டுறவு இணையத்துக்கு மாறிச்சு, அதுதான் இன்னைக்கு நாம வாங்குற ஆவின். கிராமத்துக்கு கிராமம் சொசைட்டி வந்தது. 1998ல பால் உற்பத்தியில இந்தியா உலகத்துலயே முதலிடம்.

இதுக்கு எதிர்ப்பும் இருந்துச்சு. 1983ல கிளாட் ஆல்வாரஸ்னு ஒரு எழுத்தாளர் 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி'யில இந்தத் திட்டத்தைக் கிழிச்சுத் தொங்கப் போட்டார். பெரிய விவாதம் ஆச்சு. அரசு எல்.கே.ஜா தலைமையில குழு போட்டு, 1984ல அறிக்கை வந்தது. கிராமத்துப் பால் எல்லாம் நகரத்துக்குப் போயிட்டா, மாடு வளர்க்குற வீட்டுப் பிள்ளைக்கு மிச்சம் என்னங்கிற கேள்வியும் அந்த விவாதத்துல ஒண்ணு.

அப்பத்தாகிட்ட அதையே வேற மாதிரி கேட்டேன். "சொசைட்டி வந்தது நல்லதா, கெட்டதா அப்பத்தா?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னது: "மொத மாசம் காசு வந்தப்ப உங்க தாத்தா கையில குடுக்கல, எங்கையில குடுத்தாய்ங்க. எம்பேர்லதான் அட்டை. அதுவரைக்கும் நான் ஒரு ரூவாய என் காசுன்னு பாத்ததில்ல. நாலு மணிக்கு எந்திரிச்சுக் கயிறு இழுக்குறதும் போச்சு. இந்தா பாரு"ன்னு வலது மணிக்கட்டைக் காட்டுச்சு. இப்பவும் அது முழுசா மடங்காது.

"அப்ப நல்லதுதானே?"

"மோரு போச்சேய்யா. களையெடுக்க வர்றவுக, கறவை இல்லாத வீட்டுக்காரவுக, காலையில தூக்குவாளியோட வருவாக. மோருக்குக் காசு வாங்குனா பாவம்னு எங்க மாமியா சொல்லும். வெண்ண நமக்கு, மோரு ஊருக்கு. சொசைட்டிக்குப் பால ஊத்துன பெறகு மோரு எங்க இருக்கு? ரெண்டு நா வந்து பாத்தாக. அப்பறம் வரல."

இதுல இன்னொண்ணையும் சொல்லணும், இல்லைன்னா பொய்யாயிடும். அந்த மோர் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கலை. சிலருக்குத் திண்ணையில உட்கார வச்சு டம்ளர்ல. சிலருக்குக் கொல்லைப்பக்கம், உசரத் தூக்கி ஊத்துறது. அப்பத்தாவே சொன்னதுதான், தலையைக் குனிஞ்சுக்கிட்டு. சொசைட்டி வரிசையில அந்த வித்தியாசம் இல்லை. யார் பாலா இருந்தாலும் ஒரே கேன்ல ஊத்தி, கொழுப்புக்கு ஏத்த காசு. அதனால "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு என்னால மொத்தமா உருக முடியலை. அதே சமயம், மாடு இல்லாத வீட்டுக்குக் காசில்லாம வந்த ஒரு சத்து, காசு வந்த அன்னைக்கு நின்னு போச்சுங்கிறதும் நிஜம். சொசைட்டிக் கணக்குல லிட்டர் இருக்கு, கொழுப்பு இருக்கு, ரூபாய் இருக்கு. அந்தத் தூக்குவாளி எந்தக் கணக்குலயும் இல்லை, கல்வெட்டுல அந்தக் கை இல்லாத மாதிரியே.

கேக் என்னாச்சுன்னு கேட்கிறீங்களா? கிரீம் இல்லாமலேயே வெட்டினோம். கிண்ணத்துல திரண்டதை அப்பத்தா பச்சத்தண்ணியில அலசி உருட்டுச்சு, நல்ல எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துச்சு. மறுநாள் காலையில சுடச்சுட தோசை மேல அதை வச்சுக் கொடுத்தா, அக்கா பொண்ணு மூணு தோசை சாப்பிட்டுட்டு, "மாமா, அடுத்த பொறந்தநாளுக்கும் இதே கிரீம் பண்ணு"ங்கிறா!

கிண்ணத்து அடியில நின்ன தண்ணியைக் கொட்டப் போனேன். அப்பத்தா கையைப் பிடிச்சு நிறுத்திடுச்சு. உப்புப் போட்டு ஒரு டம்ளர்ல ஊத்தி, பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட கொடுத்துட்டு வரச் சொல்லுச்சு. போய்க் கொடுத்துட்டு வந்தேன்.