ஓட்டு இல்லாதவர்களின் எம்.பி.

தேர்தலில் தோற்றுப்போய்ப் பதவியை இழந்த எம்.பி.க்களை நமக்கு நிறையத் தெரியும். ஆனா, ஒரு எம்.பி.யின் வாக்காளர்களையே சட்டம் போட்டு நீக்கிய கதை தெரியுமா? இலங்கை மலையகத்தின் சௌமியமூர்த்தி தொண்டமானுக்கு அதுதான் நடந்தது.

1913இல் சிவகங்கைப் பக்கம் பிறந்தவர். அப்பா கருப்பையா, றம்பொடையில் வேவண்டன் தேயிலைத் தோட்டத்தை வாங்கியவர். ஆமாங்க, முதலாளி வீட்டுப் பிள்ளைதான் தொழிற்சங்கத்துக்கு வந்தார். இலங்கை இந்திய காங்கிரஸ் வழியாக வளர்ந்து, 1947இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் போனார்.

மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, அப்பாவும் அங்கேதான் பிறந்தார் என்று நிரூபிக்கணும். லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தர் அந்தப் பத்திரத்துக்கு எங்கே போவார்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போனது. 1952 தேர்தலுக்குப் பிறகு தொண்டமானும் சபையில் இல்லை.

எனக்கு இந்தக் கதை முக்கியமாகப் படுவது இங்கேதான். ஓட்டுப் போச்சு, ஆனா கொழுந்து பறிக்க அந்தக் கைகள்தான் வேணும். நாட்டின் ஏற்றுமதி வருமானமே தேயிலையை நம்பி இருந்தது. அதனால் வாக்குச்சீட்டு செய்ய வேண்டிய வேலையைச் சங்கம் செய்தது. அதுதான் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். 1960இல் அரசாங்கமே அவரை நியமன எம்.பி. ஆக்கியது.

ஆனால் 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டபோது, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கலை.

30 வருஷம் கழித்து, 1977இல் அவர் மறுபடி தேர்தலில் ஜெயித்தார். அடுத்த வருஷம் ஜே.ஆர். ஜெயவர்தன அரசில் அமைச்சர். 1984இல் அமைச்சராக இருந்துகொண்டே தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடத்தினார். பெண்களுக்கும் ஆண்களுக்கும் சமச் சம்பளம் கிடைத்தது. 1986லும் 1988லும் வந்த சட்டங்கள் நாடற்றவர்களுக்குக் குடியுரிமையைத் திறந்துவிட்டன.

விமர்சனமும் உண்டு. 1983 கலவரத்தில் மலையகத் தமிழர்களும் தாக்கப்பட்டார்கள். அப்போதும் அவர் அதே அரசில் இருந்தார். அது நியாயமான கேள்விதான். என் பார்வையில், வெளியே வந்திருந்தால் அவர் பெயர் இன்னும் சுத்தமாக இருந்திருக்கும். குடியுரிமை இன்னும் தள்ளிப்போயிருக்கும்.

1999இல் அவர் இறந்தார். மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1948இல் பிறந்த குழந்தைக்கு அப்போ வயசு 55. உங்க கையில இருக்கிற வாக்காளர் அட்டையை அடுத்த தடவை எடுக்கும்போது, அந்த 55 வருஷத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.