விசுவாசமா, நற்செயலா? கிறிஸ்தவ உலகைப் பிளந்த ஒரு கேள்வி

"அவங்கட மார்க்கத்தில நம்பினாப் போதும், அமல் ஒண்டும் தேவல்ல" என்று கிறிஸ்தவர்களைப் பற்றி எங்கட ஆக்கள் பேசுவதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். மேடைகளிலும் இது சொல்லப்படுகிறது. ஒரு கொள்கையை மறுப்பதற்கு முன் அது என்னவென்று சரியாக விளங்கியிருக்க வேண்டும். கத்தோலிக்கர் 'மீட்பு' என்றும் புரட்டஸ்தாந்தர் 'இரட்சிப்பு' என்றும் சொல்லும் ஈடேற்றத்தில் நற்செயலுக்கு என்ன இடம்? இது அவர்களுக்குள்ளேயே பெரும் சண்டையான ஒரு கேள்வி.

சண்டை வெடித்தது ஜேர்மனியில். பாவத்துக்குரிய தண்டனையைக் குறைக்கும் என்று சொல்லிப் பாவமன்னிப்புச் சீட்டுகள் காசுக்குக் கொடுக்கப்பட்டன. அந்தப் பணத்தில் ஒரு பகுதி றோமில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டப் போனது. இதை எதிர்த்து 1517 ஒக்டோபர் 31இல், துறவியும் விற்றன்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியருமான மார்ட்டின் லூதர் 95 கருத்துரைகளை முன்வைத்தார். சீட்டுப் பற்றிய பிரச்சினை விரைவிலேயே பெரிய கேள்வியானது: இறைவனிடத்தில் மனிதன் நீதிமானாக ஏற்கப்படுவது எதனால்? விசுவாசத்தால் மட்டுமே என்றார் லூதர்.

1522இல் அவர் வெளியிட்ட ஜேர்மன் புதிய ஏற்பாட்டில், பவுல் றோமருக்கு எழுதிய நிருபத்தின் 3:28ஆம் வசனத்தில் 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அச்சொல் இல்லை. ஜேர்மன் மொழி வழக்கும் பவுலின் கருத்தும் அதைக் கேட்கின்றன என்று 1530இல் வாதிட்டார். ஆனால் யாக்கோபின் நிருபம் 2:24, மனிதன் விசுவாசத்தினால் மட்டுமல்ல, செயல்களினாலும் நீதிமானாகிறான் என்ற பொருளில் பேசுகிறது. லூதர் அந்த நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். என்றாலும் பைபிளிலிருந்து அதை நீக்கவில்லை.

அப்போ நல்லது செய்யத் தேவையில்லை என்றா லூதர் சொன்னார்? இல்லை. 1520இலேயே நற்செயல்கள் பற்றித் தனி நூல் எழுதியவர் அவர். நல்ல மரம் நல்ல கனி தரும். கனி தருவதால் மரம் நல்லதாவதில்லை என்பதே அவர் வாதம். 1546இல் அவர் இறந்த பின் சீடர்களே பிரிந்தனர். ஈடேற்றத்துக்கு நற்செயல் அவசியம் என்றார் கேயோர்க் மேஜர். அது ஈடேற்றத்துக்குக் கேடு என்று மறுமுனைக்கே போனார் அம்ஸ்டோர்ஃப். 1577இல் லூதரன் திருச்சபையினர் இரண்டையும் நிராகரித்தனர். நற்செயல் விசுவாசியின் கடமை, ஆனால் ஈடேற்றத்தின் காரணம் அதுவல்ல என்பது அவர்களது முடிவு.

கத்தோலிக்கரைப் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் உண்டு: செயலாலேயே சுவர்க்கத்தைச் சம்பாதிக்கலாம் என்பது அவர்கள் கொள்கையாம். 1547 ஜனவரி 13இல் திரெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட முதல் விதியே இதை மறுக்கிறது. இறையருள் இன்றித் தன் செயலால் நீதிமானாகலாம் என்பவர் சபைக்குப் புறம்பானவர் என்கிறது அது. 'விசுவாசம் மட்டும்' என்பதை ஒன்பதாம் விதி மறுக்கிறது. அருளில் தொடங்கி, அன்பாலும் செயலாலும் வளர்வதே நீதி என்பது அவர்கள் நிலைப்பாடு. 1999 ஒக்டோபர் 31இல், ஓக்ஸ்பேர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலக சம்மேளனமும் இது பற்றிக் கூட்டுப் பிரகடனத்தில் ஒப்பமிட்டன. எல்லா வேறுபாடும் தீரவில்லை. அடிப்படையில் உடன்பாடு கண்டனர்.

இதே கேள்வி எமது உம்மத்தையும் முதல் நூற்றாண்டிலேயே உலுக்கியது. பெரும்பாவம் செய்தவன் காபிர் என்றனர் கவாரிஜ்கள். முர்ஜிஆக்கள் அமலை ஈமானிலிருந்து பிரித்து, அவன் தீர்ப்பை அல்லாஹ்விடம் விட்டனர். ஈமான் என்பது உள்ளத்தின் ஏற்பும் நாவின் ஒப்புதலும் என்ற இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களை, அமலைக் கடமை என்று அவர்கள் வலியுறுத்தியிருந்தும், சிலர் முர்ஜிஆ என்று குறை கூறினர். எம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களோ, ஈமான் சொல்லும் செயலுமாகும், அது கூடும், குறையும் என்றார்கள். அல்குர்ஆன் ஈமானையும் ஸாலிஹான அமலையும் திரும்பத் திரும்பச் சேர்த்தே சொல்கிறது. அதேவேளை, எவரும் தன் அமலால் மட்டும் சுவர்க்கம் நுழைவதில்லை, அல்லாஹ்வின் ரஹ்மத் வேண்டும், தனக்கும் அப்படித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

இதனால் இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆதாமின் பாவம் சந்ததிக்கு வந்தது, அதற்குச் சிலுவை மரணம் பரிகாரமானது என்பது கிறிஸ்தவக் கொள்கையின் அச்சாணி. ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமப்பதை இஸ்லாம் ஏற்பதில்லை. தௌபாவுக்கு இடையில் ஆள் தேவையில்லை. எமக்கும் அவர்களுக்கும் உண்மையான கருத்து வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அதை விட்டுட்டு, நல்லது செய்யத் தேவையில்லாத மார்க்கம் என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பழித்தால், அவர் சொல்லாத ஒன்றை அவர் மீது ஏற்றுகிறோம். அது நீதியல்ல. எமது வாதத்துக்கும் அது பலம் சேர்க்காது.