இலையிலிருந்து பனியன் வரை

புகைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் 1839-ஐ டாகெர் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆண்டாகச் சொல்வார்கள். அந்த ஆகஸ்ட் 19-ல்தான் வெள்ளி பூசிய தகட்டில் உருவம் பிடிக்கும் அவருடைய முறை பாரிசில் வெளியிடப்பட்டது. திருப்பூர் ராயபுரத்தில் ஸ்கிரீன் எக்ஸ்போஸ் செய்து பிழைக்கிற எனக்கு அந்த ஆண்டு வேறொருவருடையது. அதே 1839-ன் மே மாதம், எடின்பரோ நகரத்து முங்கோ பாண்டன் தன் கண்டுபிடிப்பை அங்கிருந்த கலைச் சங்கத்தின் முன் வைத்தார். பொட்டாசியம் பைக்ரோமேட் கரைசலில் காகிதத்தை நனைத்து உலர்த்தி, அதன் மேல் ஓர் இலையையோ வேறு பொருளையோ வைத்து வெயிலில் காட்டினால் போதும். வெயில் பட்ட இடம் ஆரஞ்சு நிறமாகி அப்படியே நின்றுவிடும். நிழல் விழுந்த இடத்து மஞ்சள் தண்ணீரில் கரைந்து, இலையின் உருவம் வெள்ளையாக மிஞ்சும். வெள்ளி வேண்டியதில்லை, கேமராவும் வேண்டியதில்லை. பாண்டன் அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வெளியிட்டுவிட்டார்.

எங்கள் பட்டறையில் இன்றும் நடப்பது அதுதான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் துணியில், மஞ்சள் பல்பு மட்டும் எரியும் அறைக்குள், எமல்ஷனை ஒரே சீராகப் பூசுவோம். உலர்ந்ததும் டிசைனைக் கறுப்பில் ஏற்றிய ஒளி ஊடுருவும் தாளை, அதாவது பாசிட்டிவை, அதில் ஒட்டி, கண்ணாடி மேசையில் வைத்து, அடியிலிருந்து டியூப் லைட் வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் பட்ட எமல்ஷன் இறுகி மெஷ்ஷின் கண்ணை அடைத்துக்கொள்ளும். பாசிட்டிவின் கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் இருக்கும். தண்ணீர் பீய்ச்சினால் கழன்று கண் திறக்கும். கலரைத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியை இழுக்கும்போது அந்தக் கண் வழியாகத்தான் கலர் பனியனில் இறங்குகிறது. ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன். ஆறு கலர் டிசைன் என்றால் ஆறு ஸ்கிரீனும் இருட்டறைக்குள் போய்த்தான் வர வேண்டும்.

நான் தொழில் பழகிய காலத்தில் எமல்ஷனில் கலந்தது பாண்டனின் அதே குடும்பத்துப் பைக்ரோமேட். "பூசுனத நாளைக்குன்னு வெச்சிராத கண்ணு, இருட்டுலயே எறுகிப் போயிரும்" என்பார் மாஸ்டர். வெயில் காலத்தில் அது முற்றிலும் உண்மை. கரண்ட் போய்விட்டால் ஸ்கிரீனைக் கறுப்புத் துணியில் சுற்றி மொட்டை மாடிக்குத் தூக்கிப் போவோம். அவர் வானத்தைப் பார்ப்பார். "வெயில் சாஞ்சிருச்சு, ஒரு நிமிசம் சேத்திக் காட்டு" என்பார். மீட்டர் எதுவும் கிடையாது. கண் பழக்கம்தான்.

அந்த மருந்து கையில் படப்படத் தோல் வெடித்துப் புண்ணாகும். அதில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கழுவிய மஞ்சள் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போனது. டயசோ என்ற வேறு மருந்து கலக்கும் எமல்ஷன் வந்து அதை ஒதுக்கியது இந்தத் தொழிலுக்குக் கிடைத்த பெரிய நன்மை. பழைய மருந்து திரும்பி வர வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

தமிழ்நாட்டுக்குப் புகைப்படம் வெள்ளி வழியாகத்தான் வந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியில் அதைக் கற்றுக்கொடுத்தார்கள். கேப்டன் லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக, 1857 கடைசியிலும் 1858-லும் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பெரும்பாலும் மெழுகேற்றிய காகிதம்தான் அவருடைய நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்த ஒட்டுகளை ஒத்துப்போக வைப்பது எவ்வளவு கடினம் என்பது, கலருக்குக் கலர் ஸ்கிரீன் பொருத்துகிற எங்களுக்குப் புரியும். ஆனால் ஒவ்வொரு பிரதியையும் நெகட்டிவோடு சேர்த்து வெயிலில் வைத்துத் தனித்தனியாக எடுக்க வேண்டும். 1859-ல் ஆளுநராக வந்த டிரெவெலியன் டிரைப்பின் வேலையை ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார். வெள்ளிப் படத்தின் அழகும் அதன் எல்லையும் இந்த ஒரே கதையில் இருக்கின்றன.

ஒரு படத்தை ஆயிரமாகப் பெருக்க வழி செய்தது பைக்ரோமேட்தான். வெள்ளி உப்பால் காகித நெகட்டிவைக் கண்டுபிடித்த டால்பட்டே 1852-ல் இந்தப் பக்கம் வந்தார். பைக்ரோமேட் கலந்த ஜெலட்டினை உலோகத் தகட்டில் பூசி, படத்தைச் செதுக்க வழி கண்டார். சாம்பல் நிறச் சாயல்களை உடைத்துக் காட்ட அவர் இடையில் வைத்தது மெல்லிய வலைத் துணி. பத்திரிகைப் படங்களை உண்டாக்கிய புள்ளி முறையின் தொடக்கம் ஒரு துணித் துண்டு! துணியூரில் பிறந்த எனக்கு இதைப் படித்தபோது உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. 1855-ல் பாரிசில் பாய்ட்டவென் இதே மருந்தைக் கல்லச்சுக்குக் கொண்டு போனார். கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரி, சத்யஜித் ராயின் தாத்தா, 1895-ல் இந்தப் புள்ளி முறையில், அதாவது ஹாஃப்டோனில், பிளாக் செய்யும் தொழிலைத் தொடங்கினார். புள்ளித் திரையின் கணக்கு பற்றி லண்டன் பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரைகளும் எழுதினார்.

அந்தக் கணக்கு இன்றும் எங்களை விடவில்லை. பத்திரிகைத் தாளில் நிற்கிற பொடிப் புள்ளி பின்னல் துணியில் நிற்காது, கண்ணுக்குள் இறங்கிவிடும். புள்ளியைப் பெரிதாக்க வேண்டும். புள்ளி வரிசையும் மெஷ் இழையும் மோதினால் படத்தின் மேல் அலை அலையாக வேறொரு கோலம் தெரியும். அதனால்தான் கோணத்தை 22.5 டிகிரி சாய்த்து வைக்கிறோம்.

மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் 1907-ல் பட்டுத் திரை அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் திரையும் பைக்ரோமேட்டும் ஒன்று சேர்ந்தன. பனியனில் புகைப்படம் ஏறும் பாதை அங்கே திறந்தது.

அந்தப் பாதையில் அதிக தூரம் போன படம் கியூபப் புகைப்படக்காரர் ஆல்பெர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேரா. 1960 மார்ச் 5, ஹவானா. துறைமுகத்தில் வெடித்த கப்பலில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டம். லைக்கா கேமராவில் எடுத்த முழுப் படத்தில் ஒரு பனைமர ஓலையும் இன்னொருவரின் பக்கவாட்டு முகமும் இருந்தன. கோர்டா இரண்டையும் வெட்டிவிட்டார். அவர் படம் எடுத்துக் கொடுத்த பத்திரிகை அன்று அதைப் போடவில்லை. 1968-ல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் சிவப்பிலும் கறுப்பிலும் அதைப் போஸ்டராக்கினார். இடைச் சாயல்கள் போய், வெறும் கறுப்பும் வெட்டவெளியுமாக முகம் நின்றது. ஸ்கிரீனுக்கு அதைவிடப் பொருத்தமான முகம் கிடையாது. ஒரே கலரில் வேலை முடிந்துவிடும். கோர்டாவுக்கு ராயல்டி வரவில்லை, அவர் கேட்கவும் இல்லை. 2000-ல் ஒரு வோட்கா விளம்பரத்துக்கு எடுத்தாண்டபோது மட்டும் வழக்குப் போட்டு, கிடைத்த பணத்தைக் கியூபாவின் மருத்துவத்துக்குக் கொடுத்தார். அந்த முகத்தைத் தண்ணீர் பீய்ச்சித் திறந்த ஒவ்வொரு முறையும் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியிருக்கிறது.

வெள்ளிப் படத்தின் காலம் முடிந்துவிட்டது. 1967-ல் உற்பத்தி தொடங்கி, ஊரூராக எக்ஸ்ரே பிலிமும் சினிமா பிலிமும் அனுப்பிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் மூடப்பட்டது. ஆனாலும் அதைக் காப்பாற்ற ஆட்கள் இருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கியது. எங்கள் பக்கத்துக்கு அப்படி யாரும் வரவில்லை. ஆர்டர் முடிந்ததும் ஸ்கிரீனைத் தேய்த்துக் கழுவி அடுத்த டிசைனுக்குப் பூசிவிடுகிறோம். கையால் மை தீட்டிய பாசிட்டிவ்களைக் கரையான் அரிக்கிறது. பிலிம் பாசிட்டிவ்கள் வெள்ளி பிரிப்பவர்களிடம் எடைக்குப் போகின்றன. இப்போது கம்ப்யூட்டரிலிருந்து நேராகத் துணிக்கே அச்சடிக்கும் மெஷின்களும் வந்துவிட்டதால், இருட்டறையே இல்லாத யூனிட்டுகள் பெருகுகின்றன.

பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் பழைய பாசிட்டிவ் கட்டு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். கட்டுக்கு ஒன்றாவது எடுத்து, எந்த ஆண்டு, எந்த நாட்டு ஆர்டர், வரைந்தவர் யார் என்று ஓரத்தில் எழுதி, செய்தித்தாளில் சுற்றி ஈரம் படாமல் வையுங்கள். வரைந்தவர் பெயரை மட்டும் எப்படியாவது கேட்டு எழுதிவிடுங்கள்.